காப்ரிக்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் கட்டுரையில், இரண்டு புரதங்கள் எவ்வாறு பிணைகின்றன என்பதைக் கணினியால் கணிக்கலாம் என்று 2020 வரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் இத்துறைக்குப் புதியவராக இருக்கலாம். அச்சுக்கு அனுப்பிய தாங்கள் விவரம் அறிந்தவர் என்பதால்தான் வருத்தம் கூடுகிறது.

டிரிப்சின் என்னும் செரிமான நொதியையும் அதன் தடுப்புப் புரதத்தையும் கணினியில் பொருத்திப் பார்த்து ஷோஷனா வோடாக்கும் ஜோயல் ஜானினும் கட்டுரை வெளியிட்ட ஆண்டு 1978. ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணித உத்தியால் அத்தேடலை விரைவுபடுத்தி 1992இல் எழுதிய குழுவில், இஸ்ரேலின் குடியரசுத் தலைவர் பதவியை முடித்து ஆய்வகத்துக்குத் திரும்பிய எஃப்ரெய்ம் காட்சிர் இருந்தார். தங்கள் கட்டுரையாளரின் கணக்கில் இவர்களெல்லாம் யாருமில்லை போலும்.

2001இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் நடந்த கூட்டமொன்றில், புரதப் பிணைப்புக் கணிப்புகளை விடையை மறைத்துவைத்துச் சோதிக்கும் காப்ரி (CAPRI) என்னும் பொதுத் தேர்வு உருவெடுத்தது. மறு ஆண்டு பிரான்சிலும், பின்னர் 2004இல் கயெட்டா, 2007இல் டொரன்டோ, 2009இல் பார்சிலோனா, 2013இல் உட்ரெக்ட் என்றும் அதன் மதிப்பீட்டுக் கூட்டங்கள் தொடர்ந்தன. புரதங்களைப் படிகமாக்கி வடிவம் காணும் படிகவியலாளர்கள், பாடுபட்டுக் கண்டறிந்து இன்னும் வெளியிடாத கூட்டமைப்பை, அதாவது புரதங்கள் பிணைந்து நிற்கும் வடிவத்தை, நம்பி ஒப்படைப்பார்கள். கணிக்க முயலும் எங்களுக்குக் கிடைப்பதோ புரதங்களின் தனித்தனி வடிவங்கள், சில வேளைகளில் வெறும் அமினோ அமில வரிசை. பல சுற்றுகளில் பங்கேற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பத்து மாதிரிகளை வரிசைப்படுத்தி அனுப்பியபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. விடை திறக்கப்பட்டதும், நாம் சொன்ன தொடுகைகளில் எத்தனை மெய், புரதங்கள் ஒட்டும் இணைமுகம் எத்தனை ஆங்ஸ்ட்ரம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விலகியது என்று அளந்து, தவறு, ஏற்கத்தக்கது, நடுத்தரம், உயர்தரம் என்பவற்றுள் ஒன்றைப் பெயருக்கு நேரே எழுதிவிடுவார்கள். பேராசிரியருக்கும் முதலாண்டு மாணவருக்கும் அளவுகோல் ஒன்றே.

கட்டுரை கொண்டாடும், புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டின் 2020 வெற்றியை உலகம் நம்பியதும், புரத வடிவக் கணிப்புகளுக்கென 1994இல் தொடங்கிய காஸ்ப் (CASP) என்னும் அமைப்பு நடத்திய இத்தகைய மறைவிடைத் தேர்வினால்தான். அந்த வெற்றியும் பெரும்பாலும் தனிப் புரதங்களின் வடிவம் பற்றியது. கூட்டமைப்புகளுக்கெனப் பயிற்றப்பட்ட பதிப்பு 2021இல்தான் வந்தது. ஆன்டிபாடிகள் பிணையும் இடத்தைக் கணிப்பதில் அதுவும் தடுமாறியது. ஆக, தாங்கள் அச்சிட்ட ஆண்டும் பொருந்தவில்லை.

இது முதல்முறையுமன்று. புரத ஆய்வுக்குக் கிடைத்த 2024 வேதியியல் நோபல் பரிசையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தில் புரதம் என்ற பெயரில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் இடம்பெற்றிருந்தது. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் இடப்பற்றாக்குறையால் வெளிவரவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த இதழில் திரை நட்சத்திரம் ஒருவரின் பேட்டி ஆறு பக்கம் நீண்டதை இங்கே குறிப்பிடுவது நாகரிகமாகாது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வெளியிடாத தரவைத் தந்து விடைக்காகப் பொறுத்திருந்த படிகவியலாளர்களையும் காப்ரியின் பெயரையும் குறிப்பிட்டு, ஆண்டையும் திருத்தி, அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்