சாய்ப்பை ஏன் கழற்றினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் நம் கடையின் தகரச் சாய்ப்பையும் முன்படிகளையும் போன வாரம் எடுத்துவிட்டோம். "கடையைக் கொடுத்துட்டீங்களா?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அந்த இடம் நமதல்ல, ரோட்டுடையது. அப்பா காலத்தில் மூட்டை இறக்க ஒரு கல் போட்டார்கள். அப்புறம் அது இரண்டு படியாகி, மேலே தகரம் ஏறி, அதில் விளக்குமாறும் குடமும் தொங்க ஆரம்பித்தன.

கழற்றிய அன்று கடைப் பையன் கேட்டான்: "அண்ணே, அந்த மணிக்கூண்டுக் கல்லுல என்ன எழுதியிருக்கு?" ஆறு வருஷமாக எதிரே நின்று பருப்பு நிறுக்கிறவன். 1914-18 உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. 1806 வேலூர் சிப்பாய் புரட்சிக்கு நம் ஊர் மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது, ஜூலை 10 அன்று மாலை வைக்கிறார்கள். இந்த 14 பேருக்கு எதிரே நாங்கள் வெங்காய மூட்டையை அடுக்கி வைத்திருந்தோம்.

சரி, காலியான இடத்தை என்ன செய்வது? நீரூற்று வைக்கலாம் என்றார் பக்கத்துக் கடைக்காரர். கைவண்டி திரும்ப வேண்டிய சந்தையில் நீரூற்று எதற்கு? உட்கார ஒரு இடம் போதும். கருங்கல் பலகை வேண்டாம், வேலூர் வெயிலில் பத்து மணிக்கே உட்கார முடியாது. மரப்பலகை, அதுவும் மேற்கு ஓரமாக. மூன்று மணிக்கு மேல் கட்டட நிழல் அங்கேதான் விழும். ஒரு புங்கங்கன்று வைக்க அனுமதி கேட்டு மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். தரையை உயர்த்தி டைல்ஸ் ஒட்டும் யோசனைக்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மழைத் தண்ணீர் நேரே கடைக்குள் வரும், வயசானவர்களுக்கும் தடுக்கும்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். வண்டியைக் கூண்டை ஒட்டி நிறுத்தாதீர்கள். மொத்தமாக மூட்டை எடுக்கிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் லோடு ஏற்றுவதில்லை.

மழை பிடித்தால் வெளியே ஒதுங்க இடமில்லை, தயங்காமல் உள்ளே வந்து நில்லுங்கள். விளக்குமாறு இப்போது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடையார்