பஸ்ஸுக்குத் திரை போட்டவர்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போனில் நீ பொரிந்து தள்ளினாயே, அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நீ பாடம் நடத்துகிற பஸ்தியின், அந்தக் குடிசைப் பகுதியின், பெண்பிள்ளைகளுடைய வாப்பாமார் கேட்பது என்ன? ஆண் வாத்தியார் வேண்டாம், மஃரிப் தொழுகைக்கு, அதாவது பொழுது சாய்வதற்கு, முன்னால் வகுப்பை முடிக்க வேண்டும், போட்டோ எங்கும் போடக் கூடாது. "இதுக்கெல்லாம் இறங்கிப்போறதுக்கு நான் எதுக்கும்மா பாடம் நடத்தணும்?" என்று கேட்டாய்.

நீ இருக்கிற அதே கல்கத்தாவில் இதைவிடக் கீழே இறங்கிப்போன ஒருவர் இருந்தார். லார்ட் சின்ஹா ரோட்டில் சகாவத் மெமோரியல் என்று ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறதே, அதை ஆரம்பித்த பேகம் ரொக்கேயாதான்.

இப்போது பங்களாதேஷில் இருக்கிற ரங்பூர் பக்கம் பைராபந்த் என்ற ஊரில் ஜமீன் வீட்டில் 1880இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்து வாசப்படி மிதித்ததில்லை. வங்காளமும் ஆங்கிலமும் பெண்பிள்ளைக்கு ஆகாது என்பது வாப்பாவின் கட்டளை. வீடு தூங்கிய பிறகு அவருடைய அண்ணன் விளக்கை வைத்துக்கொண்டு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாராம். பிறகு கல்யாணம். மாப்பிள்ளை சகாவத் ஹுசைன், பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட், வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் நல்ல மனுஷர், பெண்களுக்குப் பள்ளி நடத்து என்று 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மௌத்தானார். 1909இல் அவர் போன சில மாதத்திலேயே ஐந்து பிள்ளைகளோடு பாகல்பூரில் பள்ளி தொடங்கியது. சொத்துத் தகராறில் அங்கே இருக்க விடவில்லை. கல்கத்தாவுக்கு வந்து 1911 மார்ச்சில் வலியுல்லா சந்தில் எட்டுப் பிள்ளைகளோடு மறுபடி முதலிலிருந்து. அந்தப் பிள்ளைகளும் தானாக வரவில்லை, வீடுவீடாகப் போய்க் கேட்டுக் கூட்டிவந்ததுதான்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். பெண்பிள்ளை தெருவில் நடக்கக் கூடாது என்பதால் பள்ளிக்கு ஒரு மோட்டார் பஸ். அதை எப்படி மூடியிருந்தார்கள் என்று பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றிய தன் 'அபரோதபாசினி' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். காற்றுக்குப் பின்பக்கமும் முன்கதவுக்கு மேலும் சின்னதாக ஒரு கம்பிவலை, அவ்வளவுதான். முதல் நாளே இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளைகள் பயந்து அழுதார்கள், வாந்தி எடுத்தார்கள், மறுநாள் ரெண்டு மூணு பேர் மயங்கியே விழுந்தார்கள். பார்த்த ஒரு தோழி, தெருவில் பீரோதான் போகிறதோ என்று நினைத்தேன் என்றாராம். சரி என்று பக்கவாட்டு அடைப்புகளைத் திறந்து திரை தொங்கவிட்டார்கள். உடனே நாலு கடிதம் வந்தது. ஒன்று ஆங்கிலத்தில், 'இஸ்லாத்தில் உங்கள் சகோதரன்' என்று கையெழுத்துப் போட்டு. திரை காற்றில் பறக்கிறது, பர்தா கெடுகிறது, நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் பள்ளியின் நன்மைக்காக உருதுப் பத்திரிகைகளில் எழுதுவோம் என்று மிரட்டல். பள்ளியின் நன்மைக்காகவாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

பெண்ணை உள்ளே அடைத்து வைப்பதை அந்தக் காலத்தில் அவர் அளவுக்குக் கிழித்து எழுதிய ஆளில்லை. அந்தக் கைதான் பஸ்ஸுக்குத் திரையும் போட்டது. உயிராக நேசித்தது வங்காளத்தை, ஆனால் பள்ளி நடந்தது உருதுவில், வசதியான வீடுகள் உருதுவில்தான் பேசின என்பதால். எல்லாவற்றிலும் அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். மயங்கி விழுந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. ஆனால் அந்தத் திரை இல்லாவிட்டால் அத்தனை பேரும் வீட்டுக்குள்தான், வாந்தி எடுக்கக்கூட வழியிருந்திருக்காது.

ஒன்றைக் கவனி. வண்டியில் விட்டுக்கொடுத்தார், பேனாவில் விட்டுக்கொடுக்கவில்லை. 1916இல் அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்று பெண்கள் சங்கம் தொடங்கி, உன்னுடையதைப் போன்ற பஸ்திகளுக்குள்ளேயே போய் ஏழைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வசவு கடைசி வரை நிற்கவில்லை. 1932 டிசம்பர் 9இல் மௌத்தானபோது பெண்ணுரிமை பற்றிய கட்டுரை பாதியில் நின்றிருந்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மஃரிபுக்கு முன் முடிப்பதில் உனக்கு என்ன நஷ்டம்? அரை மணி முன்னாடி ஆரம்பி. போட்டோ விஷயத்தில் அவர்கள் சொல்வதே நியாயம், ஏழைப் பிள்ளை என்றால் கேட்காமல் படம் பிடித்துப் போடலாமா? வாத்தியார் விஷயம்தான் சிக்கல். கணக்குக்கு அவரை விட்டால் ஆளில்லை என்கிறாய். அந்த உம்மாமாரில் ரெண்டு பேரை வகுப்பில் வந்து உட்காரச் சொல்லிப் பார். அவர்களும் கூட்டல் கழித்தல் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம் என்று எவராவது சொன்னால் அங்கே ஒரு அடிகூட நகராதே. அப்போது உன் கோபம் முழுவதையும் காட்டு, நானும் போனில் சேர்ந்துகொள்கிறேன்.

வாப்பாவுக்குச் சர்க்கரை இப்போது பரவாயில்லை. மாசிப் பொடி இடித்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் பார்சல் போடுகிறேன். எத்தனை பிள்ளைகள் திரும்ப வந்தார்கள் என்று எழுது.

வஸ்ஸலாம்,
உம்மா