கார் தானம்: சாவிக்கு முன்னால் ஆர்.சி. மாறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குப் புது வண்டி வந்ததும், பழைய சின்னக் காரை முதியோர் இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ கொடுத்துவிடலாம் என்று பலரும் விரும்புகிறார்கள். பாராட்ட வேண்டிய எண்ணம். ஆனால் சாவி, ஆர்.சி. எனும் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றையும் நீட்டிவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் மற்ற விவரங்களை நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இதைத்தான் செய்யக் கூடாது.

ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர். வண்டி பல கை மாறிய பிறகு நடந்த ஒரு விபத்தில், பெயர் மாற்றாமல் விட்ட முதல் உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. தானம் என்பதால் இதில் விதிவிலக்கு எதுவும் கிடையாது. ஓட்டுநர் சிக்னலைத் தாண்டினால் அபராத எஸ்.எம்.எஸ். தானம் செய்தவருடைய போனுக்கே வரும். வெற்றுக் கையெழுத்துள்ள படிவத்தோடு அந்த வண்டி இன்னொருவர் கைக்குப் போனால், அது யாரிடம் ஓடுகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். பெறுபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்தெடுத்த பென்சில் பதிவு ஆகியவை தேவை. இல்லத்தையோ பள்ளியையோ நடத்தும் அறக்கட்டளை தரப்பில் பத்திர நகல், பான், முகவரிச் சான்று, இன்னார் கையெழுத்திடலாம் என்ற அறங்காவலர் தீர்மானம் ஆகியவையும் வேண்டும். இந்தத் தீர்மானம் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் கிடப்பில் கிடக்கின்றன. முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடன் அடைத்து வருடக்கணக்கு ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருப்பது இன்னொரு முட்டுக்கட்டை. வங்கியிடம் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் தடையின்மைச் சான்றும் வாங்கி, முதலில் அதை நீக்க வேண்டும். கட்டாத அபராதம் நிலுவையில் இருந்தாலும் பெயர் மாறாது. அப்பாவோ அம்மாவோ விட்டுச்சென்ற கார் என்றால் படிவம் 31 மூலம் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகுதான் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடியும். இந்த ஒரு படியைத் தாண்டிப்போக நினைத்தால் வண்டி ஷெட்டிலேயே நின்றுவிடும்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் அறக்கட்டளை பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், அவர்களுடைய வண்டிக்கே சேதம் ஆகும்போது கம்பெனி கையை விரித்துவிடும். நஷ்டஈடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உரிமையாளருக்கு உரியது. கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் புதுக் காருக்கு அந்தச் சலுகை கிடைக்கும். ஃபாஸ்டேகை மூடுங்கள். காரின் திரையில் ஏறியிருக்கும் போன் தொடர்புகளையும் அழித்துவிடுங்கள்.

வரிச்சலுகை கிடைக்கும் என்று நம்பிக் காரைக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 80ஜி என்று நாம் அறிந்த வருமான வரிக் கழிவு பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே உண்டு. பொருளாகக் கொடுத்தால் கிடையாது. ரொக்கம் என்றாலும் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. அதனால், அந்த இல்லம் காரை ஓட்டப்போகிறதா, விற்கப்போகிறதா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள். விற்கத்தான் போகிறார்கள் என்றால், நீங்களே நல்ல விலைக்கு விற்றுப் பணத்தைக் காசோலையாகக் கொடுப்பதுதான் இருவருக்கும் லாபம். அவசரத்துக்கு விற்கும் இல்லத்துக்குப் பாதி விலைகூடக் கிடைக்காமல் போகலாம்.

ஓட்டப்போகிறார்கள் என்றால் வண்டி அவர்கள் வேலைக்கு ஆகுமா என்று பாருங்கள். சின்னக் காரின் டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் மடித்த சக்கர நாற்காலி உள்ளே போகாது. முதியோர் இல்லத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை. சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை வேறு செய்ய வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரத்தில் செய்தது. சாலையில் உரசும் ரப்பர் பட்டன் தேயாமல் இருந்தாலும், அவ்வளவு பழைய டயரில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஸ்டார்ட் செய்யாமல் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். பிரேக் டிஸ்கில் துரு ஏறியிருக்கும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். 15 வருடப் பதிவு முடியும் தறுவாயில் இருக்கும் காரைத் தள்ளிவிடுவது தானமாகாது. தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம், பழுதுச் செலவு எல்லாம் இல்லத்தின் தலையில் விழும். அப்படிப்பட்ட வண்டியைப் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து, கிடைக்கும் தொகையை நன்கொடையாகத் தரலாம்.

கார் வாங்கும் செலவு தீர்ந்தாலும் டீசலோ பெட்ரோலோ, ஓட்டுநர் சம்பளம், இன்சூரன்ஸ் என்று மாதாமாதம் செலவு நிற்கப்போவதில்லை. முடிந்தவர்கள் ஒரு வருட இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் கட்டிக் கொடுத்தால் பெரிய உதவி.

அறக்கட்டளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி பெற்றதற்கான கடிதத்தில் பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஓடிய கிலோமீட்டர், ஒப்படைத்த தேதி மட்டுமல்லாமல் நேரத்தையும் எழுதி முத்திரையிட்டுத் தாருங்கள். காலை 11 மணிக்குக் கைமாறிய வண்டி மாலை 4 மணிக்கு எங்காவது மோதினால் முதலில் தேடப்படும் காகிதம் அதுதான். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் ஒன்றையும் கொடுத்தவருக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்