பெயின்ட் வாங்கும் முன்

அன்புள்ள கவுன்சிலர் தம்பிக்கு,

பையன்கள் கஞ்சா, கத்தி என்று போய்விடாமலிருக்க நம் வார்டுச் சுவர்களில் ஓவியம் வரையப் போகிறீர்களாம். நல்லது. சென்னையில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய கண்ணகி நகரை உதாரணம் காட்டினீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். 2020-இல் அங்கே வந்த ஓவியங்களால், பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள்கூடப் படமெடுக்கப் போனார்கள். முகவரியைச் சொன்னாலே சந்தேகமாகப் பார்க்கப்பட்ட மக்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் பெரிய சுவர்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட கலைஞர்கள். சுவரைப் பார்த்தே திருந்திய பையன் யாரையும் நான் அறியேன்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வேறு வழியில் போனார்கள். 1984-இல் மேயர் வில்சன் குட், சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கினார். இனிக் கிறுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பையன்களுக்கு மன்னிப்பு. அவர்களோடு வேலை செய்ய வந்த ஓவியர் ஜேன் கோல்டன், கிறுக்கிய கைகளிலேயே திறமையைக் கண்டு சுவரோவியம் பழக்கினார். 1996-இல் அது தனிச் சுவரோவியத் திட்டமாக மாறியது. இதுவரை அந்த நகரில் 4,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய வேலைமுறை. படத்தைக் கட்டம் போட்டுப் பிரித்து, ஐந்தடிச் சதுரமான மெல்லிய துணிகளில் கோடுகளை எடுக்கிறார்கள். எந்த இடத்தில் எந்த நிறம் என்பதற்கு எண் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வரையலாம்; சிறையிலிருப்பவர்களும் வரையலாம், வரைந்திருக்கிறார்கள். பிறகு துணிகளைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். சாரம் ஏற முடியாதவருக்கும் அந்தச் சுவரில் பங்கு உண்டு. சிறையிலிருந்து வெளியே வரும் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு தொழில் பழக்கும் பிரிவும் இருக்கிறது.

சம்பளம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள் தம்பி. சான்றிதழும் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்துப் பையன்களை ஒரு வாரத்துக்குமேல் நிறுத்திவைக்க முடியாது. திறப்பு விழா மேடைக்கு ஆகும் செலவில் சிலருக்கு இரண்டு மாதக் கூலி கொடுத்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடி மும்பைக்கும் போக வேண்டாம். கட்டம் போட்டு ஒரு முகத்தை மூன்று மாடி உயரத்துக்குப் பெரிதாக்கத் தெரிந்த பேனர் ஓவியர்கள் நம் ஊரில்தான் இருந்தார்கள். பிளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது. சிலர் இன்னும் கடைப் பலகை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டெண்டர் விடுவதற்கு முன் அவர்களில் இருவரையாவது அழைத்துப் பேசுங்கள். மதிப்பீட்டில் பெயின்டுக்கு மேலே பையன்களின் கூலியை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வார்டு வாக்காளன்