கதைப் பட்டறையில் யார் யாரை வாசிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புனைகதை எழுதுகிறவர்களுக்கான இணையவழிப் பட்டறைகள் பற்றிச் சென்ற வார ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யார் வகுப்பு எடுக்கிறார்கள், எத்தனை நாள், சான்றிதழ் உண்டா என்பதெல்லாம் அதில் இருந்தன. சேருகிறவர் அங்கே போய் என்ன செய்வார் என்பது மட்டும் இல்லை. ஒன்பது வருடமாக இப்படிப்பட்ட பட்டறைகளில் இருந்துவருகிறேன். என் கதைகளில் ஏதாவது உருப்படியாக இருக்கிறதென்றால் அது அங்கே கற்றதுதான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பகலில் கணக்கு எழுதுகிற வேலை. வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். வேலை முடிந்து வந்துவிட்டால் என்னால் வாசலைத் தாண்ட முடியாது. அம்மா தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதுதான் என் எழுத்து நேரம். அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது ஏக்கமாக இருந்தது. ஆறு வாரம் ஒரே இடத்தில் தங்கி, கதை எழுதி, ஒருவர் கதையை மற்றவர்கள் அலசுவார்களாம். எனக்குச் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. என்னைப் போல வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நடமாட முடியாதவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கெல்லாம் இணையத்தை விட்டால் வேறு பட்டறை கிடையாது. இருக்கிற அந்த ஒன்றாவது சரியாக நடக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நான் முதலில் சேர்ந்தது ஒரு ஜூம் பட்டறை. பெயர் வேண்டாம். நாற்பது பேர் இருந்தோம். ஆசிரியர் இரண்டு மணி நேரம் பேசினார், நன்றாகவே பேசினார். நாங்கள் மைக்கை அணைத்துவிட்டுக் குறிப்பு எடுத்தோம். நான்கு ஞாயிறு முடிந்ததும் ஆளுக்கொரு கதை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. கதையைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு ராத்திரி எழுதிய கதை அது. அதை யாராவது திறந்து பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு. அங்கே கதையைப் போட்ட ஐந்தாவது நிமிடம் 'அருமை' என்று வரும், கைதட்டுகிற படம் வரும். என் கதை 2,600 சொல். ஐந்து நிமிடத்தில் அதை யார் படித்திருக்க முடியும்? அவர்கள் நல்ல மனசுக்காரர்கள், எனக்கு உற்சாகம் கொடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அங்கே இருந்த ஒன்றரை வருடமும் என் எழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவதாகச் சேர்ந்த சின்னக் குழுதான் என்னை மாற்றியது. ஆறே பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. எனக்கு ராத்திரி என்றால் ஒருவருக்கு விடியற்காலை. கூகுள் டாக்ஸில் கதையை வைப்போம். விதி ஒன்றுதான். மற்றவர்களின் மூன்று கதைகளுக்கு முழுசாகக் கருத்து எழுதியவர்தான் தன் கதையை வைக்கலாம். எங்கே ஒன்றினோம், எங்கே கவனம் போனது, எந்த வரியில் குழம்பினோம் என்று இடம் சுட்டி எழுத வேண்டும்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த விதி அல்ல. அறிவியல் புனைவு, மிகைபுனைவு, திகில் கதைகள் எழுதுகிறவர்களுக்காக ஆண்ட்ரூ பர்ட் 1995-இல் தொடங்கிய கிரிட்டர்ஸ் என்ற இணையப் பட்டறையில், ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு மூன்று கருத்தாவது அனுப்பி வருகிறவர் கதைதான் வரிசையில் ஏறும். ஸ்கிரிபோஃபைல் தளத்தில் கருத்து எழுதினால் புள்ளி சேரும். அந்தப் புள்ளிகளைச் செலவழித்துத்தான் நம் கதையை வைக்க முடியும். நீ நாலு பேரைப் படித்தால் உன்னை நாலு பேர் படிப்பார்கள் என்கிற கொடுக்கல் வாங்கல்தான் இது என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். கருத்து எழுதுவதை, கதையை வைப்பதற்காகக் கட்டுகிற கட்டணம்போலச் செய்து முடிப்பேன்.

ஒரு நாள் அந்த எண்ணம் தலைகீழாகப் புரண்டது. குழுவில் ஒருவர் பேருந்து ஓட்டுநர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதியிருந்தார். முதல் மூன்று பக்கமும் அவர் எழுந்தது, பல் துலக்கியது, சட்டையைத் தேடியது, வானம் எப்படி இருந்தது என்பது. நான்காம் பக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறார், பிடிக்கவில்லை. நான் இப்படி எழுதினேன்: 'பிரேக் பிடிக்காத இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் படித்ததில், சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது மட்டும் மனதில் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டால் என்ன?'

அனுப்பிவிட்டு, படுக்கப் போகும் முன் என் கதையைத் திறந்தேன். அப்பா இறந்த பிறகு பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறக்க மகள் போகிறாள். சாவி பூட்டுக்குள் நுழைவது மூன்றாம் பக்கத்தில். அதுவரை மழை. இரண்டரைப் பக்கத்துக்கு மழை பெய்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கங்களை முப்பது தடவையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருப்பதாகவே பட்டது. சற்று முன்னால் வேறொருவருக்கு எழுதிய வரி எனக்கே எழுதினதுபோல இருந்தது. 412 சொல்லை வெட்டினேன். துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்ப மறுக்கிற வரியிலிருந்து கதை தொடங்கியது. அச்சில் வந்த என் முதல் கதை அதுதான்.

நம் கதையைப் படிக்கும்போது, எழுதின நேரத்தில் மனதில் ஓடியதெல்லாம் கூடவே ஓடிவந்து ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. அடுத்தவர் கதையில் தாளில் இருப்பதுதான் நமக்குக் கிடைக்கும். அங்கே எங்கேயாவது தடுக்கினால், ஏன் தடுக்கியது என்று யோசித்து ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. 'போர் அடிக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனால் இரண்டு பேருக்கும் பயனில்லை. காரணம் தேடி எழுதி எழுதித்தான் சொந்தக் கதையையும் அந்தக் கண்ணோடு பார்க்க எனக்குப் பழகியது. பட்டறைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் நான் தேடியதும் இதைத்தான்.

நமக்கு வருகிற கருத்துகளாலும் நிறையக் கற்கலாம், அதை மறுக்கவில்லை. அதே வீட்டுக் கதையில் 'செல்வியின் முகம் வெளிறியது' என்று எழுதியிருந்தேன். கதை முழுக்க அந்த மகள் செல்வியின் பார்வையில்தான் போகிறது. ஒருவர் ஓரத்தில் கேட்டிருந்தார்: 'இதை யார் பார்க்கிறார்கள்? அறையில் அவளைத் தவிர ஆள் இல்லையே, கண்ணாடியும் இல்லையே?' கதையை யார் கண் வழியாகச் சொல்கிறோம் என்கிற நோக்குநிலை பற்றி அந்த ஜூம் வகுப்பில் இருபது நிமிடம் கேட்டுக் குறிப்பு எடுத்திருக்கிறேன். குறிப்பு நோட்டிலேயே தங்கிவிட்டது. இந்தக் கேள்வி கைக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் யாருடைய முகத்தைப் பற்றி எழுதினாலும் விரல் ஒரு கணம் நிற்கிறது. இன்னொருவர் என் 'வினவினாள்', 'பகர்ந்தான்' எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டு, 'என்றாள்', 'என்றான்' போதுமே என்றார். 'நம் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறதே அண்ணா' என்று தங்கை பேசுகிற வரியில், அண்ணனுக்கு அது தெரியாதா என்று கேட்டார். உண்மைதான், வாசகருக்குத் தகவல் சொல்ல நான்தான் அவள் வாயில் அதைத் திணித்திருந்தேன்.

கருத்தை வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும். டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகிய அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் 1956-இல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் தொடங்கிய பட்டறையின் பெயரால் வழங்குகிற முறை ஒன்று உண்டு. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கிளாரியனிலும் அந்த முறையில்தான் நடத்திவந்தார்கள். இணையத்தில் அந்த மௌனம் கஷ்டம், ஏனென்றால் ஓரக் குறிப்புக்குக் கீழேயே பதில் எழுத இடம் இருக்கிறது. 'அவள் ஏன் அழவில்லை என்றால்...' என்று அரைப் பக்கத்துக்கு நானும் விளக்கியிருக்கிறேன். கதையைப் படிக்கப்போகிற வாசகர் கைக்கு அந்த விளக்கம் போகாதே. பிறகு மூன்று நாளைக்குப் பதில் எழுதுவதில்லை என்று குழுவில் வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் பெரும்பாலும் 'நன்றி' என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது, அதற்குள் கதையைத் திருத்தப் போயிருப்போம்.

அதற்காகச் சொல்கிற மருந்தையெல்லாம் சாப்பிட வேண்டியதில்லை. என் இன்னொரு கதையின் நடுவில் ஒரு கடிதம் வரும். எடுத்துவிடுங்கள் என்றார் ஒருவர். சுருக்குங்கள் என்றார் இன்னொருவர். இன்னும் நீளமாக இருக்கலாமே என்றார் மூன்றாமவர். குழம்பிப்போய் ஒரு வாரம் கதையை மூடி வைத்தேன். திரும்பத் திறந்தபோது புரிந்தது. கடிதத்தை எழுதினவர் யார் என்று வாசகருக்குத் தெரிவதற்கு முன்பே கடிதம் வந்துவிட்டிருந்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல் இரண்டு பக்கம் தள்ளி வைத்தேன். அடுத்த தடவை மூன்று பேருமே கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவது, கதையை யாராவது திருடிவிட்டால் என்றுதான். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எங்கும் பதிவு செய்யாமலே எழுதினவருக்கு உரிமை உண்டு. என் கவலை வேறு. யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பக்கத்தில் முழுக் கதையையும் வைத்துவிட்டால், பல இதழ்களும் போட்டிகளும் அதை ஏற்கெனவே வெளியான கதையாகவே எடுத்துக்கொள்கின்றன. என் தோழி ஒருத்தி தன் மிக நல்ல கதையை அப்படித்தான் எங்கும் அனுப்ப முடியாமல் வைத்திருக்கிறாள். பட்டறை நடக்கிற இடத்துக்குக் கடவுச்சொல் வேண்டும், உறுப்பினர்கள் மட்டும் திறக்க வேண்டும்.

இப்போது புதிதாக இன்னொன்று வந்திருக்கிறது. கருத்து எழுத வேண்டிய கதையை ஏஐ செயலியில் ஒட்டி, அது தருவதை எடுத்து அப்படியே போடுகிறார்கள். அடுத்தவரின் வெளிவராத கதையைக் கேட்காமல் வெளியே கொடுப்பது தப்பு. அதோடு, தானே உட்கார்ந்து தடுக்கின இடத்தைத் தேடுகிற வேலையையும் அவர் இழந்துவிடுகிறார். அவர் பட்டறைக்கு வந்ததே அதற்காகத்தானே?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனிமேல் பட்டறை அறிவிப்புகளை வெளியிடும்போது, நடத்துகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? என் அனுபவத்தில் எட்டுப் பேருக்கு மேல் போனால் யாரும் யாரையும் முழுசாகப் படிப்பதில்லை. ஒவ்வொருவரும் எத்தனை கதைகளுக்கு எழுத்தில் கருத்துத் தர வேண்டும்? கதைகளை எங்கே வைப்பார்கள், யார் திறக்கலாம்? நேரலைக்கு வர முடியாதவர்கள் தங்களுக்குக் கிடைக்கிற நேரத்தில் படித்துக் கருத்து எழுத வழி உண்டா?

இடம் போதாது என்றால் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். என்னுடைய கருத்துகள் எல்லாமே ராத்திரி பத்து மணிக்கு மேல், அம்மா தூங்கின பிறகு எழுதியவை.

இப்படிக்கு,
சிறுகதை எழுதும் உங்கள் வாசகி