புதியவர்களுக்கு நெறி சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரத்தக் கொடையாளர் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நம் இரத்தக் கொடையாளர் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அதை முதலிலிருந்து விரித்துரைக்கப் போவதில்லை. குழுவில் சேர்ந்து ஒரு நாள்கூட ஆகாத ஒருவர் பகிர்ந்த "ஓ நெகட்டிவ், மிக மிக அவசரம்" என்ற செய்தியை நம்பி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்து மதுரைக்கு வந்து சேர்ந்தார். அப்படியொரு நோயாளியே இங்கு இல்லை என்று இரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, "தவறுதலாகப் பகிரப்பட்டது, வருந்துகிறோம்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டீர்கள். என்னைப் பொறுத்தவரை அது முடியவில்லை. முன்பே தனிச்செய்தியில் பலமுறை சொல்லியும் பயன் இல்லாததால்தான் இப்போது எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

அந்தச் செய்தியின் கடைசி வரியில் ஒரு கைப்பேசி எண் இருந்தது. அதற்கு நானும் அழைத்தேன். எடுத்தவர் ஒரு பெண்மணி. நான் விவரம் கேட்டு முடிப்பதற்குள், பழகிப்போன குரலில், "அவரு போயி இந்தத் தீபாவளி வந்தா வருசமாகப் போகுதுங்க" என்றார். கணவருக்கு இரத்தம் தேடிய நாள்களில் யாரோ எழுதிப் பரப்பிய செய்தி அது. இரத்தமும் அன்றே கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. செய்தி மட்டும் குழு விட்டுக் குழு போய்க்கொண்டே இருக்கிறது. தேதி போடாமல் "இன்று மாலைக்குள்" என்று எழுதியிருப்பதால் வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் அது அன்றைக்கு வந்த செய்தியாகவே தோன்றுகிறது. நள்ளிரவிலும் அழைப்பு வருகிறதாம். எண்ணை மாற்றிவிடலாமே என்று எல்லாரையும் போல நானும் சொன்னேன். "மாத்தச் சொல்லத்தான் எல்லாரும் சொல்றாக. பேங்கு, கேஸு, பிள்ளைக பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் இந்த நம்பரத்தானே கொடுத்திருக்கு. ரத்தம் கொடுக்கிறேன்னு கூப்பிடுறவுகள வையவும் மனசு வரல" என்றார்.

நிர்வாகிகளே, இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். உதவ முன்வரும் ஒவ்வொரு நல்ல மனிதருக்கும் தன் கணவர் இறந்த செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய நிலையில் அந்தப் பெண்மணியை வைத்திருக்கிறோம். அவருக்குத் தீங்கு நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. பகிர்ந்த புதியவரும் நல்லெண்ணத்தில்தான் பகிர்ந்தார். பகிர்வதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துக் கேட்க வேண்டும் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். புதிதாகச் சேர வருபவரை நேரடியாகக் குழுவுக்குள் விடாதீர்கள். குழுவின் நெறிகளை அவர் வாசித்து, புரிந்தது என்று சொன்ன பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது செய்ய முடியாத ஒன்றல்ல. சேர விரும்புவோரை நிர்வாகி பார்த்து ஒப்புதல் தரும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்கள். அழைப்பு இணைப்பை முகநூலிலும் முகாம் பதாகைகளிலும் போட்டு, தொட்டவரெல்லாம் உள்ளே வரும்படி விட்டிருக்கிறீர்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் அந்த எண்ணிக்கையை எட்டுவதே இலக்காகிவிட்டது. ஆயிரத்தைத் தொட்ட அன்று வாழ்த்துப் படங்கள் ஓடின. அன்று அவற்றுக்கிடையே வந்த பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) கோரிக்கைக்கு ஒருவரும் மறுமொழி தரவில்லை என்பதைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் நீங்களும் காணலாம்.

புதியவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த நெறிகளை முதலில் எழுதியவர்களே நீங்கள்தான். ஆனால் என்றோ இட்ட அந்தப் பதிவு மேலே எங்கோ புதைந்து போய்விட்டது. அதனால் இங்கே மீண்டும் எழுதுகிறேன். சேர்ந்தவுடன் எதையும் பதிவிடாமல், குழு எப்படி இயங்குகிறது என்று சில நாள் பார்த்திருக்க வேண்டும். இரத்தம் வேண்டும் என்ற செய்தி கையில் கிடைத்தால், அதில் உள்ள எண்ணுக்குத் தாமே அழைத்து, தேவை இன்னும் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பதிவிட வேண்டும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அங்கேயே ஒரு கணம் நிற்க வேண்டும். அம்புக்குறி தெரியாமலிருக்க நகலெடுத்து ஒட்டும் வழக்கமும் இருப்பதால், குறி இல்லை என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது. பதிவில் இரத்த வகை, முழு இரத்தமா பிளேட்லெட்டா, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, எந்தத் தேதி எத்தனை மணிக்குள், உடனிருப்பவரின் எண் ஆகியவை இருக்க வேண்டும். அந்த எண்ணைப் போட அவருடைய சம்மதமும் வேண்டும். கட்டிலில் கிடக்கும் நோயாளியின் படமும் மருத்துவ அறிக்கையின் படமும் எக்காரணத்தாலும் வேண்டாம். இரத்தம் கிடைத்தவுடன், பதிவிட்டவரே "கிடைத்துவிட்டது" என்று அதே செய்திக்குக் கீழே எழுத வேண்டும். அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால் அங்கும் போய் எழுத வேண்டும். நம் குழுவில் நீங்கள் நீக்கும் செய்தி இங்கிருந்து வெளியே போன இடங்களில் நீங்குவதில்லை. அந்தப் பெண்மணியின் எண் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இவற்றில் தேதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் கொடையாளரின் பக்கம் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஒருமுறை முழு இரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். பெண்ணாக இருந்தால் நான்கு மாதம். ஓ நெகட்டிவ் வகை நம் நாட்டில் நூறு பேரில் ஓரிருவருக்கு மேல் அமைவது அரிது. அந்த வகை நோயாளிக்கோ அதே வகை இரத்தம்தான் பொருந்தும். அப்படிப்பட்ட ஒருவர் பழைய செய்தியை நம்பி வந்து, வந்ததுதான் வந்தோம் என்று கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த மூன்று மாதத்துக்கு நம் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. பிளேட்லெட்டுக்கு நிலைமை இன்னும் நெருக்கடியானது. பிரித்தெடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. எனவே டெங்கு பரவும் மழைக்காலத்தில் முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. தேவைப்படும் நேரத்தில் ஆள் வந்தாக வேண்டும். அதற்காக வருபவர் கருவியோடு இணைக்கப்பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டியிருக்கும். இவ்வளவுக்கும் மனமுவந்து வருபவரைக் காலாவதியான செய்தியால் அலைக்கழிப்பது அடாத செயல்.

அலைக்கழிக்கப்பட்டவர் சண்டைக்கு வருவதில்லை. பேசாமல் குழுவின் ஒலியை அணைத்துவிடுகிறார். உசிலம்பட்டித் தம்பி அதைத்தான் செய்தார். அன்று அவர் ஊர் திரும்பிய பிறகு, மகப்பேறு பிரிவிலிருந்து உண்மையாகவே ஓ நெகட்டிவ் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. அதை எழுதியவரும் புதியவர்தான். ஆனால் மருத்துவமனை, தேதி, நேரம் எல்லாம் சரியாக எழுதியிருந்தார். அப்போது குழுவில் காலைச் செய்தியைப் பற்றிய வாக்குவாதமும், அதற்கு ஆறுதலும், ஆறுதலுக்கு நன்றியும், நன்றிக்குக் கைகூப்பும் படங்களுமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கோரிக்கை கண்ணுக்கே படாமல் மேலே போய்விட்டது. கடைசியில் வேறொரு குழு வழியாக ஆள் கிடைத்து இரத்தம் போய்ச் சேர்ந்தது என்று அறிந்தேன். நம் குழுவில் ஒலியை அணைத்து வைத்திருப்போர் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஓசைப்படாமல் வெளியேறுவோரின் அறிவிப்பு நிர்வாகிகளாகிய உங்களுக்கு மட்டுமே வருகிறது. அந்தப் பெயர்களைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தவர்கள் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நெறி, நிபந்தனை என்று வைத்தால் ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் மனம் சுணங்கிப் போய்விடுவார்கள் என்று உங்களில் ஒருவர் எனக்கு மறுமொழி தந்தீர்கள். இரத்த வங்கியில் என்ன நடக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். 18 வயது நிறைந்ததா, 45 கிலோவுக்குக் குறையாத எடை இருக்கிறதா, ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா, அண்மையில் காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அத்தனையும் கேட்டு, படிவம் நிரப்பி, கையெழுத்தும் வாங்கிய பிறகே கட்டிலில் படுக்கச் சொல்கிறார்கள். இதனால் மனம் சுணங்கித் திரும்பிப் போன கொடையாளர் எவரையும் நான் கண்டதில்லை. இரத்தம் இன்னோர் உடலுக்குள் போகப்போகிறது என்பதால்தான் இத்தனை கேள்விகள் என்று அவர்களுக்குப் புரிகிறது. குழுவில் இடும் பதிவும் ஒருவரை வேலையை விட்டுவிட்டு ஓடிவரச் செய்கிறது என்பதைச் சொன்னால் புதியவர்களுக்கும் புரியும்.

கதவைத் திறந்து போட்டிருப்பதால் வேறொரு கேடும் உள்ளே வந்திருக்கிறது. உடனிருப்பவரின் எண்ணை எடுத்துக்கொண்டு, தான் கொடையாளர் என்று சொல்லி, "வண்டி வாடகைக்கு ஜிபேயில் போட்டுவிடுங்கள், கிளம்பிவிட்டேன்" என்று பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுபவர்களைப் பற்றி இரண்டு குடும்பங்கள் நம்மிடம் முறையிட்டன. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பணம் பெற்று இரத்தம் கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. குழுவில் எவரும் எதற்காகவும் பணம் கேட்கக் கூடாது, கேட்டால் கொடுக்கவும் கூடாது என்பதைக் கோரிக்கையோடு வருபவருக்கு முதல் நாளே சொல்லிவிட்டால் இந்த ஏமாற்று நடக்காது.

இந்த அலைச்சலுக்கெல்லாம் மூலக்காரணம் நம் குழுவுக்கு வெளியே இருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கை, நோயாளிக்குத் தரும் இரத்தத்துக்கு ஈடாக உறவினரிடம் மாற்று இரத்தம் கேட்கும் முறையைப் படிப்படியாக விலக்கி, தன்னார்வக் கொடையை மட்டுமே நம்பும் நிலைக்கு வர வேண்டும் என்கிறது. ஆனால் இன்றும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, "நாலு பேரைக் கூட்டி வாங்க" என்று குடும்பத்தாரைத் துரத்துகிற மருத்துவமனைகள் இருக்கின்றன. எந்த இரத்த வங்கியில் எந்த வகை இருப்பில் உள்ளது என்று காட்டும் இ-ரக்த்கோஷ் என்ற அரசுத் தளம் 2016 முதல் இருக்கிறது. அந்தச் சீட்டைக் கொடுப்பவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. வெளியூரிலிருந்து வந்து, நகரில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு கண்ணில் பட்ட குழுக்களுக்கெல்லாம் செய்தி அனுப்பும் ஒருவரிடம் நெறியை எதிர்பார்ப்பது கொடுமை என்று எனக்கும் தோன்றியதுண்டு. அப்படி வருபவரைக் காக்க வைக்கச் சொல்லவில்லை. அவருடைய கோரிக்கையை நிர்வாகி ஒருவர் உடனே வாங்கி, அழைத்துச் சரிபார்த்து, முறைப்படி எழுதித் தாமே பதிவிடலாம். காத்திருக்க வேண்டியவர்கள், எங்கிருந்தோ வந்த செய்தியை இங்கே கொட்டுவதற்கு அவசரப்படும் மற்றவர்கள்தான்.

மருத்துவமனைகளைப் பற்றிய இந்த ஆதங்கத்தை உங்கள்மேல் இறக்கி வைப்பது நியாயம் அல்ல. நீங்களும் சம்பளம் வாங்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதை நடத்துகிறீர்கள். நள்ளிரவில் நீங்கள் எடுத்த அழைப்புகளால் உயிர் பிழைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்த மதிப்பு என் மனத்தில் குறையவில்லை என்பதால்தான் வெளியேறாமல் இருந்து, மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அழைப்பு இணைப்பை இன்றே மாற்றி, ஒப்புதல் பெற்றுச் சேரும் முறைக்கு வாருங்கள். சேர வருபவர்களுக்கென்று தனியே ஒரு வரவேற்புக் குழு தொடங்குங்கள். நெறிகளை அங்கே வாசிக்கக் கொடுத்து, புரிந்தது என்று எழுதியவரை மட்டும் இந்தக் குழுவுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் அந்த நெறிகளை மேலே தெரியும்படி பொருத்தி வையுங்கள்.

அந்த வரவேற்புக் குழுவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வயது வரம்பைக் கடந்து, இனி இரத்தம் கொடுக்க முடியாத மூத்த உறுப்பினர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், நானும் அவர்களோடு இருப்பேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பிளேட்லெட் கோரிக்கைகள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடும். அதற்கு முன், இந்த மாத இறுதிக்குள், உங்கள் முடிவைக் குழுவிலேயே தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழுவின் நீண்டநாள் உறுப்பினர் ஒருவர்
மதுரை