பொட்டலத்துக்குப் பதிலாக

பாளையங்கோட்டை,
ஐப்பசி 5.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த செய்தியையும், புனேயில் மழை ஓய்ந்து வெயில் திரும்பிவிட்ட செய்தியையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று, நீரிழிவின் எல்லையில் வந்து நின்ற செய்தியை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன். சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து அரைத்த சூரணம் அரைக்கிலோ வாங்கிப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருந்தீர். மறுநாளே ஜங்ஷனில் நாம் அறிந்த நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசில் நிறுத்துக் காகிதத்தில் கொட்டியும் விட்டார். ஆனாலும் வாங்காமல் திரும்பிவிட்டேன். ஐம்பது வருடப் பழக்கத்தில் நீர் கேட்டு நான் செய்யாமல் விட்டது இது ஒன்றுதான் என்பதால், காரணத்தை விரிவாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் பங்குனியில் எனக்குத் தொண்டை கம்மிவிட்டது உமக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. அதிமதுரம் நல்லது என்று யாரோ சொன்னார்கள். வெளியே பழுப்பும் உள்ளே மஞ்சளுமாக இருக்கும் அந்த வேரை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டேன். முதல் கடியில் மண்வாசம், பிறகு நாக்கில் நெடுநேரம் நிற்கும் ஒரு தித்திப்பு. இரண்டே நாளில் குரல் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. இவ்வளவு நல்ல பொருளை எதற்கு விட வேண்டும் என்று பொடியாக்கி, காலையிலும் இரவிலும் வெந்நீரில் கலந்து ஐந்து மாதம் குடித்தேன். ஆவணியில் கால் வீங்கியது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை. இரத்த அழுத்தம் 170க்கு 100. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். அவரிடம் நான் அதிமதுரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மருந்து என்ற எண்ணமே எனக்கு இல்லை.

அழுத்தம் இறங்காததால் மருமகள் என்னை நம்மூர் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். 1964இல் அந்தக் கல்லூரி தொடங்கியபோது நாம் இருவரும் அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகள். அங்கே இருந்தவர் என் மகன் வயதுள்ள மருத்துவர். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் என்பதும், வாத நாடி கோழி போலவும் பித்த நாடி ஆமை போலவும் கப நாடி தவளை போலவும் நடக்கும் என்பதும் நான் பாடமாகவே சொல்லிக் கொடுத்தவை. இந்தக் கையில் எது நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நாக்கைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், காலில் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுவதைப் பார்த்தார். அதன் பிறகு கேள்விகள் தொடங்கின. காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, பகலில் தூங்குவீர்களா, இரவில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள் என்று கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே போனார். அதிமதுரம் அங்கேதான் வெளியே வந்தது.

“மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று சொன்னீர்களே, ஐயா?”

“அது மருந்தா? வேர்தானே?”

அவர் சிரிக்கவில்லை. அதிமதுரத்தை நாள்கணக்கில் மிகுதியாகச் சாப்பிட்டால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும், பொட்டாசியம் வெளியேறிவிடும், அழுத்தம் ஏறும், சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று விளக்கிவிட்டு, வேரை நிறுத்தச் சொன்னார். எனக்கு வேறு மருந்து எதையும் அவர் எழுதித் தரவில்லை. அழுத்த மாத்திரையை எழுதியவரிடமே போய் நடந்ததைச் சொல்லி, அளவை அவரே பார்த்துக் குறைக்கட்டும் என்றார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று சுக்கின் தோலைச் சீவவும் கடுக்காயின் கொட்டையை நீக்கவும் சொல்லிக் கொடுத்த ஆச்சி வளர்த்த பிள்ளை நான். எனக்கே இந்தக் கதி.

இப்போது உமது சூரணத்துக்கு வருகிறேன். சிறுகுறிஞ்சானை மென்றால் இனிப்பே நாக்கில் தெரியாது என்பதைப் பள்ளிக்கூட நாளிலேயே வேலியில் பறித்துத் தின்று சோதித்தவர்கள் நாம். அதற்குக் குணம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குணம் இருப்பதால்தான் பயமும். இன்று உமக்குச் சர்க்கரைக்கு மாத்திரை இல்லை. நாளை புனே மருத்துவர் ஒன்றைத் தொடங்கினால், சூரணமும் மாத்திரையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும், அவருக்கோ காரணம் தெரியாது. மேலும் அரைத்த பொடியில் என்ன இருக்கிறது என்று பார்வையில் எவராலும் சொல்ல முடியாது. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்கிற பற்பமும் செந்தூரமும் முறையாகச் சுத்தி செய்து, தேர்ந்தவர் கையால், நோயாளியைப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை; ஈயமும் பாதரசமும் கலந்த பொடிகளை முகவரி இல்லாத டப்பாவில் விற்பவர்களும் இருக்கிறார்கள். நாம் அறிந்த கடைக்காரர் அப்படிப்பட்டவர் அல்லர். ஆனால் அரைத்துக் கொண்டுவந்து அவரிடம் போடுகிறவர் யார் என்று கேட்டதற்கு, அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர். கூடித்தான் இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. தேரையர் என்னும் சித்தர் பெயரால் வழங்கும் பிணியணுகாவிதிப் பாடல்களை இந்த வருடம் மறுபடி நிதானமாகப் படித்தேன். வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. நோய் அணுகாமல் இருக்க அவர் சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை பொழுதைப் பற்றியவை. இரண்டு வேளைக்கு மேல் உண்ண மாட்டோம். உலகமே கிடைப்பதானாலும் பசித்தால் அன்றி உண்ண மாட்டோம். முதல்நாள் சமைத்த கறி அமுதமானாலும் தொட மாட்டோம். பகலில் உறங்க மாட்டோம். உண்டபின் குறுநடை கொள்வோம். நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கைத் தவற மாட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து என்பதும் அங்கே உண்டு. ஆனால் அவற்றை மருத்துவர் பார்வை இல்லாமல் நம் வயதில் செய்து பார்ப்பது மடமை. பெருந்தாகம் எடுத்தாலும் உண்ணும்போது இடையில் நீர் அருந்தோம் என்கிற விதியை நான் கைவிட்டுவிட்டேன். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில், சிறுநீரகக் கல் ஒருமுறை வந்தவனுக்கு அது ஒத்துவராது.

குறுநடையைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்கிறேன். சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. உம்மைப் போல எல்லையில் நிற்பவர்களைப் பற்றிச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவு பலன்தான். 39 என்பதும் சிறிய எண் அல்ல என்று நீர் சொல்வீர். கணக்கு வாத்தியார் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் நூற்றில் பதினாறு பேர் தப்பியிருக்கிறார்கள், செருப்புத் தேய்ந்ததைத் தவிர வேறு செலவில்லாமல்.

சாப்பாட்டில் உமக்கு ஒரு வம்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீனியை விட்டுவிட்டேன், உடன்குடிக் கருப்பட்டி போட்டுத்தான் காபி குடிக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தீர். கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமை. ஆனால் அதில் இருப்பதும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். தேரிக்காட்டுப் பனையில் இறக்கியது என்பதால் இரத்தம் அதற்குச் சலுகை காட்டாது. காபியில் கருப்பட்டியை நிறுத்தும். வேண்டுமானால் தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோற்றை, எள்ளுத் துவையலோடு, வாரம் ஒருமுறை மதியத்தில் அளவாகச் சாப்பிடும். அதிலும் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டச் சொல்லும். இரவில் அது வேண்டாம். குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் சாம்பார் இருக்கிறது என்று உம் வீட்டம்மா என் மனைவியிடம் தொலைபேசியில் சொன்னது என் காதிலும் விழுந்தது. தேரையரிடம் நான் சொல்லமாட்டேன்.

எண்ணெய் முழுக்கை நான் வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் வீட்டில் சீயக்காய் அரைக்க ஆள் இல்லை. சனிக்கிழமை காலை, செக்கு நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் சிறிது சீரகமும் போட்டு, சடசடப்பு அடங்கியதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் வைத்துத் தேய்த்துக்கொள்கிறேன். காலை இளவெயிலில் அரைமணி நேரம் முற்றத்தில் நடப்பேன். பிறகு வெந்நீர். அன்று மதியம் மிளகு ரசம், பருப்புத் துவையல். தயிர் இல்லை, பகல் தூக்கம் இல்லை. இதனால் சர்க்கரை இறங்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவு வரும் தூக்கம் வேறு தூக்கம். குறுக்குத்துறைப் படியில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்து, ஆற்றில் குதித்து எழுந்து, வீட்டுக்கு வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்கினோமே, கிட்டத்தட்ட அது.

ஊரில் மழை தொடங்கிவிட்டது. எங்கள் தெருமுனையில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறார்கள். நிலவேம்பு, பேய்ப்புடல், பற்படாகம், வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்குச் சேர்ந்த கசப்பு அது. 2012இல் நம் பக்கத்தில், அதிலும் கடையநல்லூரில், டெங்கு ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடிக்க ஊரே பழகிவிட்டது. நானும் வாங்கிக் குடிக்கிறேன். ஆனால் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் பேரன் போட்டுவைத்த தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். கொசு கசப்புக்குப் பயப்படும் என்று எந்தச் சித்தரும் எழுதிவைக்கவில்லை.

தீபாவளிக்கு வீட்டில் மருந்து கிளறியாயிற்று. சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், மல்லி, சீரகம் எல்லாம் இடித்து ஊறவைத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, கையில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை நல்லெண்ணெய் விட்டுக் கிளறியதில் என் வலது தோள் இரண்டு நாளாக வலிக்கிறது. அதில் ஒரு சிறிய பாட்டில் உம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பலகாரம் தின்ற காலையில் சுண்டைக்காய் அளவு, அவ்வளவுதான். அதுவும் உம் வீட்டம்மாவுக்கும் மகனுக்கும். உமக்குக் கடைசியில் கரண்டியில் ஒட்டியிருப்பது போதும்.

உமக்குச் சித்த மருத்துவமே வேண்டும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் நேரில் வாரும். தைப்பூசத்துக்கு ஊருக்கு வரும்போது, புனே மருத்துவரின் சீட்டுகளையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் மறக்காமல் எடுத்து வந்தால், என் வேரைக் கண்டுபிடித்த அந்த மருத்துவரிடமே அழைத்துப் போகிறேன். அவர் நாடி பார்த்து எழுதித் தருகிற சூரணத்தை நானே முன்னின்று வாங்கித் தருகிறேன். புனே மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடும். அதுவரை இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு உமது குடியிருப்பைச் சுற்றி நடந்து வாரும். ஒரு சுற்றுக்கு எத்தனை அடி என்று நீர் எண்ணாமல் இருக்க மாட்டீர். அந்த எண்ணிக்கையை அடுத்த கடிதத்தில் எழுதும்.

இப்படிக்கு,
உமது பழைய பெஞ்சுக் கூட்டாளி